கடிவாள நரம்பு

இந்தப் புழு செத்துவிட்டது. கம்பியின் நுனியால் தலைப்பக்கம் தொட்டேன், நடுவில் தொட்டேன், வால்பக்கம் தொட்டேன், அசையவில்லை, எடுத்துத் தீயில் காட்டியாயிற்று. அடுத்தது அசைகிறது. ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு, மைக்ராஸ்கோப்பில் குடல் தெரிகிறது, குடல் முழுக்க நாங்கள் ஊட்டிய நோய்க்கிருமி, இருந்தும் தொட்டவுடன் உடம்பை வளைத்துக்கொண்டு நகர்கிறது. இந்தக் கம்பியைப் பிடிப்பதற்காகக் காலையில் வெந்நீரில் கையை முக்கி வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மடங்கினால் போதும், மற்ற மூன்றும் வீங்கிக் கிடந்தால் கிடக்கட்டும், இந்த வேலைக்கு இரண்டு விரல் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிளம்பி வந்தேன். ஆனால் இப்போது என்னை வேலை செய்யவிடாதது மூட்டு வலி இல்லை. பஸ்ஸில் வரும்போது சம்சுதீன் அண்ணன் போன் செய்தார். மேலப்பாளையத்து ஜரினா அக்காவின் வீட்டுக்காரர். "தங்கச்சி, ஜரினாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். மூஞ்சியெல்லாம் நீர் ஏறிட்டு. கிட்னியப் பிடிச்சிருக்குன்னு சொல்லுதாவ. மாத்திரைய நிறுத்திட்டாம்மா, எனக்கே தெரியாது. ஒங்க சார் பேசுன வீடியோவப் பாத்துட்டு நிறுத்திட்டா. இங்க நர்ஸ் குடுக்குற மாத்திரையையும் வாய்ல போட்டுட்டுத் துப்பிருதா. ஒங்கள ஒண்ணும் சொல்லல தங்கச்சி. சும்மா தெரிவிக்கணும்னுதான்." சும்மா தெரிவிக்கணும்னுதான். அவர் கத்தியிருக்கலாம். உன்னால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நானும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன், பிறகு ஆமாம் என்றிருப்பேன். பேக்கரியில் நாள் முழுக்க அடுப்பு முன்னால் நிற்கிற மனிதர், சூட்டுக்குப் பழகியவர், எப்படி இவ்வளவு குளிர்ச்சியாகப் பேசினார். அக்காவிடம் கொடுங்கள் என்றேன். இப்பத்தான் கண்ணசந்தா என்றார். பார்வை நேரம் மத்தியானத்துக்கு மேல்தான். அதுவரை நான் இந்தப் புழுக்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இன்று பார்க்காமல் விட்டால் எத்தனை நாள் பாடும் வீண், புழு யாருக்காகவும் சாவதைத் தள்ளிப்போடாது.

அந்த வீடியோ எடுத்த மண்டபம். வாசலில் ஃபிளெக்ஸ் போர்டு, அதில் எங்கள் பேராசிரியர் ஞானசுந்தரம் சாருடைய தலை, பக்கத்தில் மனித மூளையின் படம், மூளையிலிருந்து வெளிச்சக் கதிர்கள், கீழே பெரிய எழுத்தில் 'மனமே மருந்து'. எங்கள் புழுவின் படம் எங்கேயும் இல்லை. உள்ளே ஏசி போட்டிருந்தார்கள், ஏசிக் குளிரில் என் மணிக்கட்டு இறுகிக்கொண்டே வந்தது, சேலைத் தலைப்பை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டேன். சார் நன்றாகத்தான் ஆரம்பித்தார். அவர் பேசினால் யாரும் எழுந்து போக மாட்டார்கள், அந்தக் குரல் அப்படி. ஒரு சின்னப் புழு, மண்ணில் கிடக்கிறது, மூளை என்று சொல்ல ஒன்றும் இல்லை, முந்நூற்றுச் சொச்சம் நரம்புச் செல்தான், ஆனால் அந்த நரம்புதான் அதன் நோய் எதிர்ப்பை ஆட்டிவைக்கிறது என்றார். சரி. அதுவரை சரி. அங்கேயே உட்கார்ந்திருக்கலாம் மனுஷன். அடுத்த வாக்கியத்தில் புழுவிலிருந்து ஒரே தாவாக மனுஷனுக்குத் தாவினார். "அப்படியானால் நம்முடைய நோயையும் ஆட்டிவைப்பது எது? நம் மனம். மனதை அமைதியாக வைத்தால் உடம்பு தானாகச் சரியாகும். நான் சொல்லவில்லை, புழு சொல்கிறது." கைதட்டல். புழு சொல்கிறதாம். எந்தப் புழு சொன்னது. தினமும் கண் எரிய எரிய இவற்றைப் பார்க்கிறவள் நான், என்னிடம் ஒன்றுகூட அப்படிச் சொல்லவில்லையே. கைதட்டல் ஓய்வதற்குள் அவர் கை என் பக்கம் நீண்டது. "இதோ, என்னுடைய ஆராய்ச்சி உதவியாளர் சங்கரவடிவு. இவங்களுக்கே முடக்குவாதம். முன்னெல்லாம் கோபம் வந்தா லேபே நடுங்கும். கோபத்தைக் குறைச்சாங்க, இப்போ பாதி மாத்திரைதான். எழுந்திரும்மா வடிவு." நான் எழுந்தேன். எழுந்து, சிரித்தேன். கைகூட எடுத்துக் கும்பிட்டேன், சரியாக மடங்காத விரல்களை வைத்துக்கொண்டு. பாதி மாத்திரை உண்மைதான். ரத்தப் பரிசோதனையில் ஈரல் கெட ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்துவிட்டு இன்னொன்றை ஏற்றினார். அது சாருக்கும் தெரியும், லீவு கேட்டபோது சொல்லியிருந்தேன். தெரிந்தும் எப்படி வந்தது அந்த வாய்க்கு. எனக்கும் எப்படி வந்தது அந்தச் சிரிப்பு. யாரோ செல்போனில் எடுத்தார்கள், போட்டார்கள், ஊர் முழுக்கச் சுற்றி மேலப்பாளையத்தில் ஜரினா அக்காவின் போனுக்கும் வந்துவிட்டது. அக்கா சாரை நம்பவில்லை. அவளுக்குச் சாரைத் தெரியவே தெரியாது. என்னைத்தான் தெரியும்.

இது அசைகிறது. இதுவும். இந்தத் தட்டில் இருப்பவை நரம்பு வெட்டப்பட்டவை, அதனால்தான் இன்னும் இவ்வளவு உயிரோடு இருக்கின்றன. பக்கத்துத் தட்டில் சாதாரணப் புழுக்கள் பாதிக்கு மேல் செத்துப் போயிருக்கும், பார்க்காமலே சொல்லலாம். இதுதானே நாங்கள் கண்டுபிடித்தது. தலையில் இருக்கும் ஒரு ஜோடி நரம்புச் செல்லை வேலை செய்யாமல் ஆக்கினால் புழு நோயை இன்னும் பலமாக எதிர்க்கிறது. அதாவது அந்த நரம்பின் வேலை எதிர்ப்பைத் தூண்டிவிடுவது அல்ல, இழுத்துப் பிடிப்பது. முதல் தடவை இது வந்தபோது நானே நம்பவில்லை. ஒருவேளை புழு கிருமியை முகர்ந்து பார்த்து விலகிப் போய்விடுகிறதோ, அதனால் பிழைக்கிறதோ என்று, தட்டின் விளிம்பு வரை கிருமியைப் பரப்பி, ஓட இடமில்லாமல் செய்து, திரும்பவும் பார்த்தேன், திரும்பவும் அதேதான். பிறகு என்னைத் தூங்கவிடாத கேள்வி: அப்படியானால் அந்த நரம்பு எதற்கு, எதிர்ப்பை அடக்கி வைக்கும் ஒரு நரம்பை வைத்துக்கொண்டு இந்தப் பிராணி ஏன் இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறது. நோயே இல்லாத நல்ல தட்டில் அதே வெட்டிய புழுக்களை விட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவை சோகை பிடித்தது போல் மெலிந்து, முட்டை குறைந்து, சீக்கிரம் செத்தன. எதிரியே இல்லாத ஊரில் சண்டைக்கு நின்று தன்னைத் தானே தின்றுகொண்டிருந்தன. அன்று இதே ஸ்டூலில் உட்கார்ந்து என் விரல்களைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு நோய் பெயர் சொல்லப்பட்டிருந்தது. என் உடம்பிலும் எங்கேயோ ஒரு கடிவாளம் கழன்றுவிட்டது, குதிரை என் மூட்டுக்குள் ஓடுகிறது என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். எந்த நரம்பு, எந்த மூட்டு, மனுஷ உடம்பில் இது இப்படித்தானா, எனக்குத் தெரியாது, யாருக்கும் முழுசாகத் தெரியாது, அதனால் வாயை மூடிக்கொண்டு மாத்திரையைப் போட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள். அமைதியாம். இந்தப் புழுவில் நரம்பு அமைதியானால் சண்டை கூடுகிறது சார், குறையவில்லை. உங்கள் கணக்குப்படி பார்த்தாலே நான் அமைதியானால் என் விரல் இன்னும் கோணும். கேட்கவேண்டும். மண்டபத்திலேயே கேட்டிருக்க வேண்டும். எழுந்து நின்றேனே, மைக்கை வாங்கிக் கேட்டிருக்கலாமே. சிரித்தேன்.

கோபப்படாதே. இந்த ஒரு வார்த்தையை எத்தனை வாயால் கேட்டாயிற்று. அப்பா சொன்னார், பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு கோவம் ஆகாது என்று. கல்லூரியில் சொன்னார்கள். மூட்டு டாக்டர் என்னைச் சோதித்துவிட்டு என்னைப் பார்க்காமல் முத்துவைப் பார்த்து, "வீட்ல ரொம்ப டென்ஷன் ஆவாங்களோ?" என்றார். நோய் எனக்கு, கேள்வி என் புருஷனுக்கு. முத்து தலையாட்டினார். அவர் கெட்டவர் இல்லை, காலையில் எனக்கு ரவிக்கை ஊக்கு மாட்டிவிடுவது அவர்தான், தலை பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்டார், ஆனால் அன்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். "பாத்தியாளா, இதத்தான் டாக்டர் சொன்னாரு" என்றார். சண்டை போட்டால் அதுவே சாட்சி. போடாவிட்டால், பார், எவ்வளவு நன்றாக இருக்கிறாய். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தியிருக்கிறது. அப்புறம் நான் எழுதிய கட்டுரை வந்தபோது அவருக்கு வாசித்துக் காட்டினேன், நரம்புக்கும் எதிர்ப்புக்கும் உள்ள தொடர்பு என்று, சந்தோஷத்தில்தான் காட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டார். குழம்பில் உப்பு கூடிப்போய் நான் சிடுசிடுத்தால், "நீதானளா எழுதிருக்க, நரம்புதான் காரணம்னு" என்பார். என் சொந்தக் கட்டுரையை எடுத்து என் வாயில் திணித்தார்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கொசுவைத் திட்டுகிறார்கள், தண்ணீரைத் திட்டுகிறார்கள். எனக்கு வந்தால் என்னைத் திட்டுகிறார்கள். நீயே வரவழைத்தாய், நீயே போக்கிக்கொள். இது எவ்வளவு வசதி மற்றவர்களுக்கு. எனக்குக் கோபம் வருவதற்கான காரணம் எதையும் யாரும் மாற்ற வேண்டாம், கோபத்தை மட்டும் நான் எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். கவலை தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் வலி கூடும், அது எனக்குத் தெரியாதா. அதைச் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். மாத்திரைக்குப் பதிலாக என்று யார் சொன்னது. யார் சொன்னது என்று கேட்டால் புழு சொன்னது. கம்பி நழுவுகிறது. மெதுவாக. தட்டில் ஊற்றிய ஜெல்லியைக் கீறிவிட்டால் புழு உள்ளே புகுந்துவிடும், தேட முடியாது.

ஜரினா அக்காவை முதலில் பார்த்தது ஆஸ்பத்திரி பெஞ்சில், மூட்டு டாக்டர் அறைக்கு வெளியே. கூரைக்கு அடியில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வெயில் முகத்தில் பட்டால் தடிப்பு எழும்பும், லூபஸ் என்கிற நோய், என்னுடையதைப் போலவே உடம்பு தன்னையே தாக்குவது. யாரோ ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் வரிசையைத் தாண்டி நேரே கதவைத் தள்ளினார். அக்கா குடையை மடக்கி அதன் நுனியால் அவர் முதுகில் தட்டினாள். "எண்ணே, நாங்கல்லாம் இங்க சினிமாப் பாக்கவா உக்காந்திருக்கோம்?" அவர் டாக்டருக்குத் தெரிந்தவராம். "எங்களையுந்தான் டாக்டருக்குத் தெரியும். மாசாமாசம் பாக்காவல்லா." பெஞ்சே சிரித்தது. அந்த ஆள் வரிசையின் கடைசிக்குப் போனார். அக்கா திரும்பவும் குடையை விரித்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்து, "எனக்கு வாய் கூடுதல்ளா. அதனாலதான் இந்த நோவு வந்துச்சின்னு எங்க மாமியா சொல்லும்" என்றாள். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை அந்த பெஞ்சில் எனக்கு இடம் பிடித்து வைப்பாள். நான் புழுவைப் பற்றிச் சொன்னால் கவனமாகக் கேட்பாள், முகத்தைச் சுளிக்காமல் கேட்ட ஒரே ஆள் அவள்தான். அந்த நரம்பில்லாத புழு தன்னையே தின்னும் என்று சொன்னபோது குடைப் பிடியைத் திருகிக்கொண்டே, "பாவம்லா, அதுக்குக் குடுக்க மாத்திரை இல்ல" என்றாள். இதைச் சொன்னவள்தான் இப்போது மாத்திரையைத் துப்புகிறாள். அந்த வீடியோவில் நான் கும்பிட்டதைப் பார்த்து அவள் என்ன நினைத்திருப்பாள். வடிவுக்கே பாதி மாத்திரை போதும்னா எனக்கும் போதும். ஏன் எனக்கு போன் செய்து கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே. இல்லை, கேட்பானேன், நான்தான் எழுந்து நின்று பதில் சொல்லிவிட்டேனே. கிட்னியைப் பிடித்திருக்கிறது என்றால் எவ்வளவு. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று மாத்திரைக் கடைக்காரன்கூடச் சொல்வான். டயாலிசிஸ் வரை போகுமா. திரும்புமா. மூஞ்சியெல்லாம் நீர். மெலிந்த முகம் அவளுக்கு, கன்ன எலும்பு தூக்கி நிற்கும், அதில் நீர் ஏறினால் எப்படி இருக்கும், நினைக்க வேண்டாம், எண்ணு, இது அசைகிறது, இது அசையவில்லை, இன்னொரு தரம் தொடு, அசையவில்லை.

நடையில் செருப்புச் சத்தம். சார்தான், அவர் குதிகாலைத் தேய்த்து நடப்பார். வாசனையும் வந்துவிட்டது, திருநீறும் சென்ட்டும். நான் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கே பயமாக இருந்தது. "வடிவு, எப்படிம்மா போகுது? வெட்டுனது நல்லாத் தாங்குதா?" என்றார். தாங்குகிறது என்றேன். "நல்ல வேளை. ஒரு படம் எடுத்துக் குடு, உயிரோட நெளியிற மாதிரி. சாயங்காலம் தூத்துக்குடியில கூட்டம். போன தடவையவிடப் பெரிய கூட்டமாம், அந்த வீடியோவப் பாத்துட்டுக் கூப்பிட்டிருக்காங்க. நீயும் வந்துரு, கார்ல போயிட்டு வந்துரலாம். உன்னப் பாத்தாத்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வருது." இவர்தான் எனக்கு இந்த வேலையைத் தந்தவர். நோய் வந்தபின், இந்த விரலை வைத்துக்கொண்டு இந்தப் பெண் என்ன செய்யும் என்று துறையில் பேசியபோது, அவள் செய்வாள் என்று சொன்னவர். இந்த ஸ்டூலை உயரம் குறைத்து ஆசாரியை வைத்துச் செய்து கொடுத்தவர். இதையெல்லாம் நான் மறக்கவில்லை, அதனால்தான் அன்று சிரித்தேன் என்று இப்போது தெரிகிறது, அந்த ஸ்டூலுக்காகச் சிரித்தேன். கம்பியைக் கீழே வைத்தேன். "சார், ஜரினான்னு ஒரு அக்கா. என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க. அந்த வீடியோவப் பாத்துட்டு மாத்திரைய நிறுத்திட்டாங்க. இப்போ வார்டுல கிடக்காங்க, கிட்னி போயிட்டிருக்கு." அவர் முகம் மாறியது, அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். "அடடா" என்றார். பிறகு, "மாத்திரைய நிறுத்துங்கன்னு நான் சொல்லவே இல்லையேம்மா" என்றார். "பாதி மாத்திரைன்னு சொன்னீங்க சார். ஈரலுக்காகக் குறைச்சதுன்னு உங்களுக்குத் தெரியும். இன்னொண்ணு ஏத்துனதும் தெரியும்." "அது ஒரு பேச்சு ஓட்டத்துல வந்தது." "புழுவுல நாம பாத்ததும் அது இல்ல சார். நரம்பு அடங்குனா சண்டை கூடுதுன்னுதான் பாத்தோம். நீங்க தலைகீழாச் சொன்னீங்க. புழுவுக்கு மனசு கிடையாது, அமைதிப்படுத்துறதுக்கு." என் குரல் ஏறிக்கொண்டிருந்தது, எனக்கே கேட்டது. அவர் கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார், குழந்தையை உட்காரச் சொல்வது போல. "சரி சரி. டென்ஷன் ஆகாதம்மா. உன் உடம்புக்கு நல்லதில்ல."

என்ன செய்திருப்பேன் என்று முன்கூட்டி யாராவது கேட்டிருந்தால் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன் என்றுதான் சொல்லியிருப்பேன். எறியவில்லை. உடம்பு முழுக்க ஒரு சூடு ஏறி நின்றது, அது நின்ற இடத்தில் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, தட்டின் மூடி, கம்பி, அவர் சட்டைப் பையில் இரண்டு பேனா. போனை எடுத்தேன். சம்சுதீன் அண்ணன் நம்பரை அமுக்க இந்தக் கட்டை விரல் மூன்று தரம் தவறியது, சார் பார்த்துக்கொண்டிருந்தார், உதவிக்கு வரவில்லை, வந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். "அண்ணே, அக்கா முழிச்சாச்சா? எங்க சார் பேசுதாவ. அக்காட்ட குடுங்க." சார் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று, ஒரு அடி பின்னால் போனார். "நீங்களே சொல்லுங்க சார்" என்றேன். "மாத்திரை போடணுமா வேண்டாமான்னு. நான் சொன்னா கேக்க மாட்டாங்க, நான்தான் எந்திரிச்சு நின்னேன்ல." அந்தப் பக்கம் வார்டின் இரைச்சல், டிரேயோ என்னவோ உருளும் சத்தம், யாரோ பிள்ளையை அதட்டும் சத்தம். பிறகு அக்காவின் குரல், தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் கனத்து. "ஹலோ, சாரா? நீங்களா போன் பண்ணுதிய? எவ்வளவு பெரிய ஆளு. நான் நல்லாருக்கேன் சார். நீங்க சொன்ன மாதிரியே இருக்கேன். இப்பம்லாம் நான் கோவமே படுததில்ல சார். இங்க ஊசி போட வந்த பிள்ள நாலு எடத்துல குத்திட்டு, ஒரு வார்த்த சொல்லலயே. எங்க வீட்டுல அவ்வொளக் கேட்டுப் பாருங்க. எவ்வளவு நாளாச்சு தெரியுமா, ஒருத்தரையும் ஏசி."

சார் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். வாய் திறந்திருந்தது. மண்டபத்தை நிறைக்கும் அந்தக் குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் அங்கே வீங்கிய முகத்தோடு, நாலு இடத்தில் குத்திய கையோடு, தேர்வில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி அவருக்குக் கணக்கு ஒப்புவிக்கிறாள். ஊசி சரியாகப் போடாத பெண்ணை ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். குடை நுனியால் தட்டிய ஜரினா அக்கா. போனை அவர் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு அவரையே பார்த்தேன், விடவில்லை. அவர் ஒருமுறை கனைத்தார். "அம்மா" என்றார். "நான் அன்னிக்குப் பேசுனது தப்பும்மா. மாத்திரைய நிறுத்தக் கூடாது. டாக்டர் குடுக்குறத அப்படியே போடுங்க." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கோபத்துக்கும் இதுக்கும்... அப்படி நேரடியா ஒண்ணும் நாங்க பாக்கலம்மா. புழுவுல பாத்தது வேற. நான் மிகைப்படுத்திச் சொல்லிட்டேன்." மிகைப்படுத்தி என்கிற சொல் அவளுக்கு என்னவாகக் கேட்டிருக்கும். அக்கா மெதுவாகக் கேட்டாள். "அப்பம் வடிவு? அவ எந்திரிச்சு நின்னாள்லா. பாதி மாத்திரைன்னு சொன்னியளே. சிரிச்சாள்லா." சார் என்னைப் பார்த்தார். இது அவர் சொல்லக்கூடிய பதில் இல்லை. போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டேன். "அக்கா, நான்தான். அது பொய்யிக்கா. எனக்கு மாத்திரை கூடத்தான் செஞ்சிருக்கு. சார் சொன்னாவன்னு எந்திரிச்சேன். பொய்யின்னு தெரிஞ்சேதான் நின்னேன்."

மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து இழுத்து வந்தது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன், வைத்திருந்தால் நான் அதோடு எப்படி மிச்ச நாளைக் கழித்திருப்பேன் என்று தெரியவில்லை. "ஏளா" என்றாள். "ஏளா வடிவு, ஒனக்கு வாய் இல்லையா? ஒருக்க போன் பண்ணிச் சொல்லிருக்கக் கூடாதா? நான் ஒன்னயப் பாத்துல்லா நிறுத்துனேன். அந்தாளு யாரு எனக்கு? ஒம் மூஞ்சியப் பாத்துல்லா." குரல் ஏறியது. இருமினாள், இருமலுக்கு நடுவிலும் ஏசினாள். "எத்தன நாளு நெஞ்சுக்குள்ளயே அடக்கி வச்சேன் தெரியுமா? மாமியா வந்து தலமாட்டுல நின்னு, வாயக் கொறச்சதும் மொகம் எப்பிடித் தெளிஞ்சிருக்குன்னுச்சி. நீர் ஏறி வீங்கிக் கெடக்குற மூஞ்சிளா இது. அதுக்கும் சிரிச்சேன். ஒன்னால சிரிச்சேன்." சிரித்தது எனக்குத் தெரியும் அக்கா, எப்படிச் சிரித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு உரியது, ஒன்றையும் நான் திருப்பித் தரப்போவதில்லை. பின்னால் சம்சுதீன் அண்ணன் குரல் வந்தது, "சத்தம் போடாதளா, கோவப்படாத, ஒடம்புக்கு ஆகாதுன்னு." "நீங்க சும்மா கெடங்க" என்றாள். சார் இன்னும் மேசைப் பக்கத்திலேயே நின்றார். என்ன ஆயிற்று என்று கண்ணால் கேட்டார். அவர் தூத்துக்குடிக்காரர்களுக்கு என்ன சொல்வார், இந்த ஸ்டூலில் நாளைக்கு யார் உட்கார்ந்திருப்பார்கள், அதெல்லாம் பிறகு. அக்கா இன்னொரு முறை இருமி, யார் மேலேயோ எரிந்து விழுகிற அதே குரலில், என்னிடம் இல்லை, அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள். "என்ன பாத்துட்டு நிக்கிய? அந்த மாத்திரைய எடுங்க. தண்ணியும் எடுங்க."